புரொவிஷனுக்குத் தேர்வு

பிறருடைய மொழிபெயர்ப்புகளில் பிழை பிடித்துக் கட்டுரை எழுதும் நான், என்னுடைய முதல் மொழிபெயர்ப்பைப் பற்றி இதுவரை வாய் திறந்ததில்லை. அப்போது நாலாம் வகுப்பு. வீட்டில் கான்வென்ட் படிப்புக்கு அனுப்பப்பட்ட ஒரே ஜீவன் என்பதால், மார்க்கையன்கோட்டையில் எங்கள் தெருவின் ஆங்கில இலாகா என் பொறுப்பில் இருந்தது.

அக்கா தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். கணக்கில் பள்ளிக்கே முதல். மதுரைப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றுக்கு எழுதிப் போட்டிருந்தாள். "அங்கன வந்து நான் என்னத்தப் பேச? உங்க சித்தப்பனக் கூட்டிட்டுப் போ" என்று அப்பா நழுவிக்கொண்டிருந்த நேரத்தில் கடிதம் வந்தது, முழுக்க ஆங்கிலத்தில். அதை அவர் அவளிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். 'புரொவிஷனல்' என்று ஒரு சொல். இரண்டு வரி தள்ளி 'ஒரிஜினல்ஸ்'. சின்னமனூர் 'புரொவிஷன் ஸ்டோர்' பெயர்ப்பலகைகள் புகட்டிய கல்வி இருந்ததால் நான் தயங்கவே இல்லை.

"அக்காவ எடுத்துக்கிட்டாகப்பா! மளிகைச் சாமான் கொண்டுட்டு வரணுமாம். ஒரிஜினல் சரக்கா இருக்கணுமாம்."

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மிஷன் போர்டிங்கில் சேரும் பிள்ளைகள் அரிசி கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். அக்கா கடிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள், பிறகு மடித்துத் தன் துணிப்பைக்குள் வைத்தாள். அப்பாவோ அரை மூட்டை அரிசியும் துவரம்பருப்பும் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் பஸ் ஏறினார்.

கல்லூரி அலுவலகத்தில் எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல், "ஒரிஜினல் எடுங்க" என்றார்.

அப்பா மூட்டையை அவிழ்த்து, ஒரு கை அரிசியை மேசைமேல் வைத்தார். "கலப்படமே இல்ல சார். எங்க வயல்ல வெளஞ்சது."

"சர்டிபிகேட்டுங்க! இன்னைக்குத்தான் கடைசி நாள். அஞ்சு மணிக்குள்ள காட்டலேன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும்."

புரொவிஷனல் என்றால் சான்றிதழ் பார்க்கும்வரை தற்காலிகத் தேர்வு என்று அவரே விளக்கினார். மணி மூன்றரை. ஊருக்குப் போய்த் திரும்பவே ஆறு மணி நேரம் ஆகும். அப்பா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அக்கா தன் துணிப்பையைத் திறந்து மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் என ஒவ்வொன்றாக அரிசிக்குப் பக்கத்தில் அடுக்கினாள். அப்பாவுக்குப் போன உயிர் வந்தது. எனக்கு முதுகு பிழைத்தது. மூட்டையைக்கூட விடுதிச் சமையல்காரர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்.

எல்லாம் தெரிந்தும், மூட்டையை அப்பா சுமந்து வர அவள் ஏன் விட்டாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. வெறுங்கையோடு அந்தப் படிகளில் ஏற அப்பாவுக்கு எத்தனை கூச்சம் இருந்தது என்பது நாலாம் வகுப்புப் பாடத்தில் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் என் கவலை வேறு. "நான் சொன்னது தப்புன்னு எப்பக்கா தெரிஞ்சுச்சு?"

"ஏலே, உங்கிட்ட லெட்டரக் குடுத்தப்பவே" என்றாள்.