செம்மலையும் வழுக்குகிற கார் பொத்தானும்

எந்தக் காரில் ஏறினாலும் செம்மலை முதலில் செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளுவார். டாஷ்போர்டை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுப்பார். ஆசாரி வீட்டில் பிறந்தவர், பிளாஸ்டிக்கைக்கூடத் தேக்கா வேங்கையா என்று பார்க்காமல் விடமாட்டார். அப்புறம், வழுக்குகிற கார் படம் போட்ட பொத்தானை மூன்று எண்ணும்வரை அழுத்திப் பிடிப்பார். எதிரே மஞ்சள் விளக்கு எரியும். அதைக் கண்ட பிறகுதான் செம்மலைக்கு அது தன் வண்டி.

"வண்டி என் பேச்சக் கேக்கணும். நான் வண்டி பேச்சக் கேக்கக் கூடாது" என்பார்.

காரைக்குடியில் ஆக்டிங் டிரைவர். வயது ஐம்பத்தொன்று. சொந்தமாகச் சைக்கிள்கூடக் கிடையாது. ஊரில் அவர் ஓட்டாத காரும் கிடையாது. அகலக் கார்களை முடுக்குக்குள் அவர் திருப்பும்போது இரண்டு பக்கத்துச் சுவர்களும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். நானே பார்த்திருக்கிறேன்.

பொத்தானோடு அவருக்குப் பகை வந்தது கல்லல் பக்கம் ஒரு கண்மாயில். சாமி கும்பிடப் போன கார் மணலில் இறங்கிவிட்டது. மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுற்ற மறுத்தது. சக்கரம் வழுக்கினால் என்ஜின் வேகத்தைக் குறைத்து, தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கும் ஏற்பாடு ஒன்று காருக்குள் உண்டு; அந்தப் பொத்தான் அதற்குத்தான். ரோட்டில் உயிரைக் காக்கும். மணலில் வண்டியை உட்கார வைத்துவிடும். வழியே வந்த டிராக்டர்காரர் அதை அணைக்கச் சொன்னார். அணைத்ததும் கார் புழுதி கிளப்பிக்கொண்டு கரையேறியது; அந்தப் புழுதி அடங்கச் சிவகங்கையில் மூன்று நாள் ஆனதாம். அன்றிலிருந்து செம்மலைக்கு அந்தப் பொத்தான் வேண்டாத சம்பந்தி. வண்டியை நிறுத்தி எழுப்பினால் தானாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். இவர் மறுபடி வெளியே அனுப்புவார்.

போன மாதம் சுபா புதுக் கார் வாங்கினார். தாத்தா கட்டிய வீட்டை ஹோட்டலாக்கி நடத்துகிறவர், வயதில் சின்னவர் என்றாலும் ஊருக்கு ஆச்சி; மாதச் சம்பளத்துக்கு ஒரு டிரைவர் வேண்டும் என்றார். நாளைக்கு யார் வீட்டு வண்டி என்று தெரியாமலே தூங்கப் போகிற பிழைப்பு செம்மலைக்கு அலுத்திருந்தது. இந்த வேலைக்காக மீசையைக்கூடச் சிறியதாக்கிக்கொண்டு வந்தார். இளையாத்தங்குடி கோயிலுக்கு ஒரு நடை ஓட்டிக் காட்டட்டும் என்று ஏற்பாடு. முன் சீட்டில் சுபா; பின் சீட்டில் ஹோட்டல் கணக்கு எழுதுகிற நானும் ஒரு கூடைத் தேங்காயும்.

நாச்சியாபுரம் தாண்டி ஒரு வளைவு. போகிற வருகிற வண்டிகளே மிதித்துக் கொடுக்கட்டும் என்று உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பி வைத்திருந்தார்கள். அதன்மேல் காலையில் ஒரு தூறல் விழுந்திருக்கிறது. கார் அதில் ஏறியதும் பின்பக்கம் முன்னே வரப் பார்த்தது. அரைச் சுற்று. நின்றபோது காரைக்குடியைப் பார்த்து நின்றோம். தேங்காய் அத்தனையும் என் மடியில்.

செம்மலை ஸ்டீயரிங்கை விடாமல், "சாமி உத்தரவு கெடைக்கல போல, ஆச்சி. வண்டியே ஊருக்குத் திரும்பிருச்சு" என்றார்.

"உத்தரவு இருக்கட்டும்ணே. அந்த மஞ்ச வெளக்கு ஏன் எரியுது?" என்று கேட்டார் சுபா.

"நாந்தேன் ஆஃப் பண்ணுனேன். மணல்ல மாட்டுனா…"

"இங்க எங்குட்டு இருக்கு மணலு?"

செம்மலை இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். உளுந்துதான்.

"ரோட்டுல அது நம்ம கூடவே இருக்கட்டும். மணலு, சகதியில மாட்டுனா மட்டும் ஆஃப் பண்ணுங்க. ஏறுனதும் ஆன் பண்ணிருங்க. வளைவுல மெதுவாப் போகணும், அது வேற. இப்புடி ஓட்டுவீகளா, வேற ஆளப் பாக்கவா?"

"ஓட்டுறேன் ஆச்சி."

கோயில் வரை கார் கோலம் போடுகிற கையைப் போல நிதானமாகப் போயிற்று. தரிசனம் முடிந்து கிளம்பும்போதுதான் வினை. நிழல் தேடி அவர் நிறுத்திய இடம் நல்ல மணல். சக்கரம் முனகியதே தவிர நகரவில்லை. பொத்தானை நோக்கிப் போன விரல், வளைவில் சுற்றியது நினைவுக்கு வந்து பாதியில் நின்றது. இன்னொரு தடவை மிதித்தார். இன்னும் கொஞ்சம் புதைந்தோம். சுபா கையைக் கட்டிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தார்.

"இது மணலுதான?" என்றார் செம்மலை, யாரையும் பார்க்காமல்.

"நீங்கதான் சொல்லணும்."

செம்மலை பொத்தானை அழுத்தினார். மெல்ல மிதித்து வண்டியை வெளியே எடுத்தார். தார் ரோடு வந்ததும் ஓரமாக நிறுத்தி, மறுபடி அழுத்தி, மஞ்சள் விளக்கு அணைந்த பிறகே கியர் போட்டார்.

"நாளைக்கி வரும்போது ஆதாரு நகல் ஒண்ணு கொண்டாங்கண்ணே" என்ற சுபா, வண்டியை நிறுத்தச் சொல்லிப் பின் சீட்டுக்கு வந்தார். ஜன்னலில் தலையைச் சாய்த்தவர் அடுத்த மைல்கல்லுக்குள் தூங்கிப்போனார்.

எதிரே ரோட்டை அடைத்துக்கொண்டு ஆட்டு மந்தை. செம்மலையின் கட்டைவிரல் ஹாரன் வரை போயிற்று. கண்ணாடியில் பின் சீட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வண்டியை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி, பக்கத்தில் நின்ற ஆட்டை முதுகில் தொட்டு மெதுவாக ஒதுக்கினார்.