கௌபிப் பூவில் கொப்புள வண்டு

பரந்தனுக்கு உள்ளே ஒரு கௌபிப் பயறுத் தோட்டத்தில் இரண்டு பேர் கூலிக்கு நின்றோம். நானும், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவனும். அறுவடை முடிந்ததும் ஒருவரைத்தான் காவலுக்கு வைத்துக்கொள்வேன் என்று தோட்டக்கார அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். காவலுக்கு நிற்பவருக்குத் தங்க ஒழுகாத கொட்டில் ஒன்று உண்டு. நாயாற்றில் கருவாடு காயப்போட்டு, வவுனியாவில் மூட்டை தூக்கி, கடைத் தாழ்வாரங்களில் படுத்து வந்தவன் நான். எனக்கு அந்தக் கொட்டில் வேண்டும்.

அக்காவோ எதைக் கேட்டாலும் அவனைத்தான் கேட்பார். நான் எட்டாம் வகுப்பு வரை போனவன், அவன் அதுவும் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

பூ விட்டதும் வண்டு வந்தது. கறுப்பு உடம்பில் செம்மஞ்சள் பட்டை, நீண்ட உருவம், தலைக்குக் கீழே மெலிந்த கழுத்து. பூவைத் தின்றுவிடும், பிறகு காய் ஏது? அவன் நீளக்கைச் சட்டை போட்டு, சவர்க்காரத் தண்ணீர் வாளியைச் செடிக்குக் கீழே பிடித்து, தடியால் தட்டி விழுத்தினான். உருண்டையான சின்னப் பொறிவண்டை மட்டும் விட்டுவிட்டான். அது செடியில் ஒட்டும் பேனைத் தின்னுமாம்.

"அண்ணே, கையால புடிக்காதீங்க. தொட்டா செத்த மாதிரி கெடக்கும், கால் முட்டுல மஞ்சத் தண்ணி விடும். பட்டா கொப்புளிக்கும்."

"நீ வாளியோடை கூத்தாடு," என்றேன்.

நான் விரலால் நசுக்கினேன். அவன் ஒரு வரிசை முடிப்பதற்குள் நான் மூன்று. நசுக்கியதையெல்லாம் வரம்பில் பிடுங்கிப் போட்டிருந்த புல் குவியலில் எறிந்தேன். "நல்ல கெதி," என்று என் வேகத்தை அக்கா மெச்சியபோது அவன் முகத்தைத்தான் பார்த்தேன்.

அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை விரலிடுக்கிலும், வியர்வை துடைத்த கழுத்திலும் தண்ணீர் கோத்த கொப்புளங்கள். அவன் பார்த்தான், சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஆறுதலாயிருக்கும்.

"செத்தாலும் விஷம் போகாது அண்ணே. நேத்து புடிச்சத எங்க போட்டீங்க?"

"புதைச்சனான்."

சொல்லி முடிக்கவில்லை, அக்கா அந்தப் புல்லை அள்ளிக்கொண்டு ஆட்டுக் கொட்டிலுக்குப் போனார். அங்கே நின்றதில் ஒன்று சினை ஆடு. பேசாமல் நின்றால் ஆடு போகும், பேசினால் காவல் கொட்டில் போகும். அவன் வாய் திறக்க முன் நான் சொல்லிவிட வேண்டும் என்ற வெறிதான் என்னை ஓட வைத்தது.

"அக்கா, போடாதேங்கோ. அதுக்கை வண்டு கிடக்கு. நான்தான் போட்டனான்."

என் கையை அவர் நன்றாகப் பார்த்தார். பிறகு அவனிடம் திரும்பி, "இதை என்ன செய்யிறது?" என்று கேட்டார். ஆழமாகப் புதைக்க வேண்டும் என்றான். கொப்புளக் கையோடு நானே கிடங்கு வெட்டிப் புதைத்தேன்.

அறுவடை முடிந்த அன்று அக்கா சொன்னார்: "நீங்கள் சொன்னது நல்லது. ஆனாலும் காவலுக்கு அவர் நிக்கட்டும்."

"ஓம்," என்றேன்.

இப்போது எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அந்த வண்டை முதலில் கண்டுபிடிப்பவன் நான்தான். நீளக்கைச் சட்டை போடச் சொல்வேன், வாளியும் தடியும் கேட்பேன், செத்ததை ஆட்டுக்குக் கிட்ட விடமாட்டேன். இந்த வேலையை யாரிடம் பழகினீர்கள் என்று கேட்பார்கள். நானாகவே பழகினது என்பேன். அவன் பெயரைச் சொல்ல இன்னும் மனம் வரவில்லை.