மூன்று ஆமேனுக்கு ஒரு மைக்

மைக் செட் வேலையில் ஒரே ஒரு வசதி உண்டு: பேசுகிறவரை மேடையால் இறக்க ஏலாது, ஆனால் சத்தத்தைக் குறைக்கலாம். கூட்டு ஜெபத்தில் முழங்கால் விறைத்து, எப்போது ஆமேன் வரும் என்று ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான்.

ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு றிசல்ட் வரும்வரை நான் மாமாவின் சவுண்ட் செட்டோடு திரிந்தேன். அப்போதுதான் ஒற்றுமை வாரம் வந்தது. எங்கள் வாவிக்கரை ஊரில் கத்தோலிக்கக் கோயில், மெதடிஸ்ட் சேர்ச், தகரக் கூரைச் சபை என மூன்றும் மாலையில் மாறிமாறிக் கூடின. மூன்று மேய்ப்பர்களின் குரலும் எனக்குத் தண்ணிபட்ட பாடு. பாதர் மூக்கால் இழுப்பார். மெதடிஸ்ட் ஐயா ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டுத்தான் வெளியே விடுவார். பாஸ்டரின் முழக்கத்துக்கு மைக்கே அநியாயம்.

பாதரின் பக்கம்

எல்லாக் கூட்டத்துக்கும் தேத்தண்ணி ஊற்றுவது றஞ்சினி அக்கா. அவரைக் கட்டிய மனிசன் யோகன் அண்ணன் வாவியில் இறால் பிடிப்பவர். சனிக்கிழமை காலையில் அவருக்கு இருதய ஒப்பரேசன். "மூணு பேரும் சேந்து அவருக்காக ஒருக்கா ஜெபிச்சாக் காணும் புள்ள, எனக்குத் தெம்பு வந்திரும்" என்றார் அக்கா. மைக்குக்குப் பக்கத்தில் நிற்பவள் என்று என்னிடம் சொல்லி வைத்தார்.

முதல் மாலை கோயிலில் ஒற்றுமைக்காக ஜெபித்தார்கள், ஜெபித்தார்கள், வாவிக் காற்றே களைத்துப் போகும்வரை ஜெபித்தார்கள். யோகன் அண்ணனின் பெயர் மட்டும் வரவில்லை. மைக்கைக் கழற்றும் சாட்டில் பாதரிடம் கேட்டேன். அவர் அன்பாகச் சிரித்தார். "அவன் மெதடிஸ்ட் பொடியன்தானே மகள், அத ஐயா பாத்துக்கொள்ளுவார்."

ஐயாவின் பக்கம்

அடுத்த மாலை மெதடிஸ்ட் சேர்ச். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். கத்தோலிக்கர் தங்கள் வழக்கப்படி சுருக்கமாக முடித்து, ஆமேன் போட்டு, கதிரைகளை இழுத்து அமர்ந்தார்கள். மெதடிஸ்ட் ஆட்களுக்கோ இன்னும் கடைசி வரி மிச்சம். கதிரைச் சத்தத்தை வெல்ல அவர்கள் தொண்டையைத் திறக்க, என் ஸ்பீக்கர் கீச்சிட்டது. ஒற்றுமை இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஐயா முகம் சிவக்க வெளியே வந்தார். நான் மெல்ல யோகன் அண்ணனை ஞாபகப்படுத்தினேன். "றஞ்சினி கத்தோலிக்கப் பிள்ளை, கலியாணமும் அங்கதான் நடந்தது. பாதரின்ட எல்லைக்குள்ள நான் கால் வைச்சா இந்த ஒற்றுமையும் குழம்பிப் போயிரும்."

பாஸ்டரின் பக்கம்

மூன்றாம் மாலை தகரக் கூரை அதிர்ந்தது. பாஸ்டர் ஊருக்காக, நாட்டுக்காக, உலகத் தலைவர்கள் எல்லாருக்காகவும் மன்றாடினார். றஞ்சினி அக்காவின் தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. உலகமே சுகமானது; வாவிக்கரையில் ஒருவர்தான் பாக்கி. கேட்டபோது பாஸ்டர் மிகவும் வருத்தப்பட்டார். "முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காத ஆளுக்கு ஜெபிச்சா அரைவாசிப் பவர்தான் மகள் வேலை செய்யும்!"

எல்லாரும் கண் மூடிய நேரம்

கடைசி மாலை, வெள்ளிக்கிழமை. கோயில் வளவில் பாய் விரித்துச் சனம் காத்திருந்தது. மூன்று பேரும் பின்னறையில் நின்று, இறுதி ஆசீர்வாதத்தை யார் கொடுப்பது என்று சகோதர அன்போடு பிடுங்குப்பட்டார்கள். அக்கா என்னிடம் வந்தார். "விடிஞ்சா அவர ஒப்பரேசன் தியேட்டருக்குள்ள கொண்டு போயிருவாங்க. இனி எப்பகா கேக்கிற?"

எங்கள் ஊர்ச் சனத்துக்கு ஒரு பழக்கம். "ஜெபிப்போம்" என்ற சொல் காதில் விழுந்தால் அடுத்த மூச்சில் கண் மூடிவிடும். மைக்கில் யார் என்று பார்க்காது. வயரில்லாத மைக்கை எடுத்துக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் குந்தினேன். முதலில் பாதரைப்போல "ஜெபிப்போம்" என்று மூக்கால் இழுத்தேன். பிறகு இஸ்திரி போட்டேன். பிறகு முழங்கினேன். மூன்று குரலிலும் ஒரே மனிசன், ஒரே இருதயம், ஒரே ஒப்பரேசன். சனம் விம்மியது. பகிடியாகத்தான் தொடங்கினேன், நடுவில் உண்மையாகவே ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

பின்னறையால் ஓடி வந்த மூவரும் தங்கள் குரல்கள் தங்களை விட்டுவிட்டு ஜெபிப்பதைக் கேட்டு வாசலிலேயே நின்றார்கள். நிறுத்தினால் இவ்வளவு நேரமும் எங்கே நின்றீர்கள் என்று சனம் கேட்கும். ஒருவரையொருவர் பார்த்தார்கள், வரிசையாக முழங்காலில் விழுந்தார்கள். ஆமேனுக்குப் பிறகு ஐயா பாதரின் காதுக்குள் சொன்னது என் காதிலும் விழுந்தது: "நான் இண்டைக்கு நல்லாத்தான் ஜெபிச்சிருக்கன், என்ன பாதர்?"

சாட்சி

ஒப்பரேசன் சரிவந்தது. யோகன் அண்ணன் ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குறை சொல்லத் தொடங்கியதும் அக்காவுக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த கிழமை ஞாயிறு மூன்று இடத்திலும் மைக் கட்டினோம். மூன்று இடத்திலும் அது அன்றைய தன் ஜெபத்தின் பலன் என்று அவரவர் சாட்சி சொன்னார்கள். நான் வயரைச் சுருட்டிக்கொண்டு சிரிப்பை விழுங்கினேன். அப்போது றஞ்சினி அக்கா தேத்தண்ணியோடு பக்கத்தில் வந்தார். "அண்டைக்குக் கொதிக்கிற தேத்தண்ணிக் கேத்திலக் கையில வைச்சிக்கொண்டு ஆராச்சும் கண்ண மூடுவாங்களாகா? பாதரும் ஐயாவும் அச்சொட்டு அவங்கட குரலேதான். பாஸ்டருக்குத்தான் கொஞ்சம் இருமல் வந்திட்டு."

ஆக, எங்கள் ஊரில் மூன்று சபையும் ஒன்றாக இருக்கிற ஒரே இடம் என் தொண்டைதான். அதற்கும் இப்போது சளி பிடித்திருக்கிறது.