தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு மஞ்சள் துப்பட்டா

எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஏறக்கூடிய உயரமான இடம் எது என்றுதான் முதலில் விசாரிப்பேன். மதுரையில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன், வயது நாற்பத்தெட்டு, முழங்கால் இன்னும் ஒத்துழைக்கிறது. தூத்துக்குடியில் உபயோகமில்லாமல் நின்ற ஒரு குடிநீர்த் தொட்டியை, இடிக்காமல், மேலே ஏறிக் கடல் பார்க்கும் இடமாக மாற்றியிருக்கிறார்கள் என்று உடன் வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். ஜனவரி கடைசிச் சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

மாட்டுத்தாவணியில் காலை 10.20 பேருந்து. அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர். கட்டணம் 145 ரூபாய். புதிய பேருந்து நிலையத்தில் இறங்கும்போது மணி 1.25. சாப்பிட்டுவிட்டு, கால் கிலோ மக்ரூன் இனிப்பு வாங்கிக்கொண்டு (ஊருக்குக் கொண்டுபோக என்று நினைத்தேன், பாதி வழியிலேயே தீர்ந்தது), ஆட்டோ பிடித்தேன். தொட்டிக்கு நான்கு கிலோமீட்டர், 120 ரூபாய்.

“தொட்டிக்கா? அதுல ஏறி என்னத்தப் பாக்கப் போறிய?” என்றார் ஓட்டுநர்.

“நீங்க ஏறினதில்லையா அண்ணாச்சி?”

“எங்க ஊரை நான் கீழ நின்னே தெனமும் பாக்கேன்.”

இந்தப் பதிலை எல்லா ஊரிலும் கேட்டிருக்கிறேன். அவர் ஒருநாள் ஏறத்தான் போகிறார்.

தொட்டி பழைய துறைமுகத்துக்கு அருகில், கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு நிமிட நடை. எட்டுத் தூண்கள், நடுவில் சுழல்படி, மொத்தம் 126 படிகள். நுழைவுச்சீட்டு 20 ரூபாய். ஒரு நேரத்தில் பதினைந்து பேர், அரைமணி நேரம். நான் 4.15 குழுவுக்குச் சீட்டு வாங்கினேன். சீட்டு கொடுப்பவர் பெயர் செல்வம். என் ஊரையும் வேலையையும் விசாரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்தார். இருபது வருடம் இதே தொட்டிக்கு வால்வு திறந்து மூடியவராம். இப்போது ஆட்களை மேலே ஏற்றி இறக்குகிறார்.

எனக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு அவர் சீட்டு தரவில்லை. பெயர் ரெஜினா என்று பிறகு தெரிந்தது. முப்பது வயதிருக்கும், நல்ல மஞ்சளில் துப்பட்டா, ஏழு மாத வயிறு. கர்ப்பிணிகள் ஏறக்கூடாது என்று பலகையில் எழுதியிருந்தது.

“வீட்டுல மாடிப்படி ஏறத்தான செய்யுதேன் அண்ணாச்சி?”

“வீட்டுல பதினஞ்சு படி. இது நூத்தி இருவத்தாறு. பாதியில தலை சுத்துனா ஒன்னைய யாரு தூக்கிட்டு எறங்க? கோவிச்சுக்கிடாத தாயி, விட மாட்டேன்.”

அவள் நகரவில்லை, கண் கலங்கிவிட்டது. என்ன விஷயம் என்று கேட்டேன். அவள் கணவர் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்க்கிறார். அன்று நாலரைக்குத் தோணி புறப்படுகிறது.

“தொட்டி மேல நின்னு மஞ்சத் துப்பட்டாவ ஆட்டுதேன்னு சொல்லியிருக்கேன்க்கா. காணலன்னா எனக்கு என்னமோ ஆயிட்டுன்னு நெனச்சிட்டே போவாக. கரைய விட்டுத் தள்ளிப் போயிட்டா, அங்கன போய்ச் சேருறவரைக்கும் போன் எடுக்காது.”

“இப்போ போன் பண்ணிச் சொல்லிடலாமே?”

“நாலு தடவ போட்டுட்டேன். கயிறு அவுக்குற நேரம். எங்கன எடுப்பாக?”

செல்வம் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி. ஆனால் அவளை அப்படியே விட்டுவிட்டு ஏறவும் மனம் வரவில்லை. “துப்பட்டாவைக் கொடு, நான் ஆட்டுகிறேன்” என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கழுத்திலிருந்து எடுத்து மடித்துக் கொடுத்தாள், தன் கைப்பேசி எண்ணையும் சொன்னாள். செல்வம் தன் நாற்காலியை அவளுக்கு நகர்த்திப் போட்டார். “கம்பிக்கு வெளிய கைய நீட்டாம ஆட்டுங்க டீச்சர்” என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

படிகள் தொட்டியின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து போகின்றன. நீர்மட்டம் குறித்த எண்கள் உட்சுவரில் அப்படியே இருக்கின்றன. பேசினால் குரல் சுற்றி வந்து நம் முதுகில் தட்டுகிறது. எதிரொலிப் பாடத்தை இங்கேயே நடத்தலாம். அதைத் தாண்டி மேல்தளம், இடுப்புக்கு மேல் உயரும் கம்பி வேலி. காற்று பலமாக அடித்தது.

கண்ணுக்கு முன்னால் மொத்த ஊரும் இருந்தது. வடக்கே சதுரம் சதுரமாக உப்பளங்கள், ஓரத்தில் வெள்ளை அம்பாரங்கள். கூரைகளுக்கு நடுவே மாதா கோயில் கோபுரம். தெற்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், வ.உ.சி. துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், விளையாட்டுக் கட்டைகள் போலக் கொள்கலன்கள். நேர் கீழே பழைய துறைமுகம். முத்துக் குளித்த பார்கள் என்னும் பாறைத் திட்டுகள் அந்தக் கடலுக்கு அடியில்தான் இருக்கின்றன. மேலிருந்து வெறும் நீலம்தான் தெரிகிறது.

சொன்ன நேரத்துக்கு ஒரு தோணி நகர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்றும் நகர்ந்தது. ரெஜினாவுக்குப் போன் போட்டேன்.

“ரெண்டு போகுதே, எதும்மா?”

“அணியத்துல பச்சை அடிச்சிருக்கும்க்கா. முன்பக்கம், முன்பக்கம்!”

அந்த உயரத்திலிருந்து இரண்டுமே எனக்குக் கறுப்பாகத்தான் தெரிந்தன. ஆனது ஆகட்டும் என்று இரண்டுக்கும் சேர்த்தே ஆட்டினேன். காற்று துணியைப் பிடுங்கியது. நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். கோவில்பட்டியிலிருந்து வந்த ஒரு குடும்பம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அவர்களும் கைக்குட்டை, தொப்பி எல்லாவற்றையும் எடுத்து ஆட்டினார்கள். முதல் தோணி கண்டுகொள்ளாமல் போயிற்று. தோள் வலிக்க ஆரம்பித்தது. இரண்டாவது தோணியின் மேல்தட்டில் ஒரு ஆள் ஏறி நின்று, சிவப்பாக எதையோ தலைக்கு மேல் சுழற்றினார். எங்கள் எல்லார் வாயிலிருந்தும் ஒரே சமயத்தில் சத்தம் வந்தது. பிறகுதான் அதன் முன்பக்கப் பச்சை எனக்குத் தெரிந்தது.

நான் இறங்கி வந்தபோது ரெஜினா போனில் பேசிக்கொண்டிருந்தாள். துறைமுகத்தைத் தாண்டியதும், சிக்னல் போவதற்குள் அவரே கூப்பிட்டிருக்கிறார். உன்னைப் பார்த்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருப்பார், இவளும் ஆமாம் என்று முடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“அது நான் இல்ல. மதுரைக்கார டீச்சர் ஒருத்தக. என்னைய ஏற விடல... நல்லாத்தான் இருக்கேன், நாற்காலியில உக்காந்திருக்கேன். சிரிக்காதிய!”

போனை என்னிடம் நீட்டினாள். இயந்திர இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல்: “அக்கா, அப்பவே நெனச்சேன். எம் பொண்டாட்டி இவ்வளவு வேகமா ஆட்ட மாட்டா. அவளை ஆட்டோ ஏத்தி விட்டுருங்க, என்ன...” அத்தோடு தொடர்பு அறுந்தது.

“ஆமான்னு சொல்லியிருந்தா அவருக்குச் சந்தோஷமா இருந்திருக்குமே?” என்றேன்.

“கடலுக்குப் போறவுகளப் பொய் சொல்லி அனுப்பக் கூடாதுல்லாக்கா.”

துப்பட்டாவை வாங்கிக் கண்ணைத் துடைத்தாள். பிறகு, “மேல நின்னா என்னல்லாம் தெரியுது?” என்று கேட்டாள். பிறந்த ஊரை அவள் உயரத்திலிருந்து பார்த்ததே இல்லை. வடக்கிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். “எங்க தெரு தெரிஞ்சிதா?” என்றாள். கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தெரிந்த கூரைகளைச் சொன்னேன். செல்வமும் வந்து நின்று நான் விட்டதைச் சேர்த்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நவம்பர் மழை முடிந்த பிறகு, பிப்ரவரிக்குள் போங்கள். மாலை 4.15 குழுதான் சரி, அதற்கு முன்னால் தளம் சுடும். தொப்பி பறந்துவிடும். மேலே தண்ணீர் கிடையாது. தொட்டியில் தண்ணீர் இல்லையா என்ற நகைச்சுவையைச் செல்வம் நிறையக் கேட்டிருக்கிறார், தவிர்க்கவும். இடிப்பதற்குச் செலவழிக்காமல் படியும் கம்பியும் போட்டு ஊருக்குத் திறந்துவிட்டது நல்ல முடிவு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏற முடியாதவர்களுக்கும் கீழே ஏதாவது ஏற்பாடு வேண்டும், ஒரு திரையாவது.

அது வரும்வரை, உங்களோடு வந்தவர்களில் யாராவது கீழேயே உட்கார்ந்திருந்தால், இறங்கியதும் உடனே கிளம்பிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் சொல்லுங்கள். நான் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.