சட்டிக்கரிப் புள்ளிகள்

குடவாசலில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் புள்ளிக்குதிரையைப் பார்த்தேன். வெள்ளை உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, குளம்பில் வரிவரியாய்க் கோடு. இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ப் பண்ணையார் வீட்டில் இதே மாதிரி ஒன்று நின்றது. அம்மாதான் அதை வைக்கோலால் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். கூலி உயர்வு கேட்டு ஊரே வேலையை நிறுத்தியபோது அவளும் போகவில்லை. வீட்டில் கஞ்சிக்கே வழியில்லை. அவளோ, "கொள்ளு வச்சாங்களோ என்னமோ, பாவம் அது" என்று குதிரைக்கே உருகினாள்.

நான் சட்டிக்கரியால் உடம்பெல்லாம் புள்ளி வைத்து, நாலு காலில் அந்தக் குதிரை மாதிரி அம்மா முன்னால் போய் நின்றேன். "நானும் பட்டினிதாம்மா."

"அதுக்கு மூக்குல ரோசாத் திட்டுடா. ஒனக்குச் சளிதான் இருக்கு!"

சிரித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாய்க்காலுக்கு இழுத்துப்போய் என்னையும் வைக்கோலால் தேய்த்தாள். தோல் எரிந்தது. கரி முழுக்கப் போன பிறகும் சொன்னேன், "முதுகுல இன்னும் இருக்கும்மா."