நர்ஸ் ரெஜின் மலையேறிய குளிர்காலம்

ரெஜின் சவானியின் கார் லைசென்ஸை அரசாங்கம் பறித்தது 1998 அக்டோபரில், திராட்சை அறுவடை முடிந்து இரண்டு வாரம் கழித்து. அவள் பெரிய குற்றம் எதுவும் செய்யவில்லை. வீடு வீடாகப் போய் ஊசி போடுகிற, கட்டு மாற்றுகிற நர்ஸ் அவள். காலை ஆறரைக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் பதினாலு வீடு. ஐம்பதில் போக வேண்டிய ஊருக்குள் எழுபதில் போவாள். மாட்டுகிற ஒவ்வொரு தடவையும் லைசென்ஸில் இருக்கிற புள்ளியில் ஒன்று, இரண்டு என்று வெட்டுவார்கள், அப்படியே போய்க் கடைசியில் பூஜ்யம். ஆறு மாதம் காரைத் தொடக் கூடாது என்று கடிதம் வந்தது.

அடுத்த வாரம் ஒரு மாலை என் பட்டறைக்கு வந்தாள். நான் டிராக்டரும் சைக்கிளும் பழுது பார்க்கிறவன். எங்கள் ஊர் சைக்கிள் சங்கத்தில் முப்பது வருஷம் ஓட்டியவன். அவள் தள்ளிக்கொண்டு வந்தது அவள் மகனுடைய பந்தய சைக்கிள். அவன் கனடா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

"ரோலான், இதை எனக்கு ஏத்த மாதிரி ஆக்கிக் குடு."

"விளையாடாதே ரெஜின். ஷிரூபில் மலை ஏத்தத்தை இதுல ஏறப் போறியா?"

"வேற எதுல ஏறச் சொல்றே? மொபெட் கடன் வாங்கிப் பார்த்தேன். மூணாவது நாள் பாதி மேட்டுல புகைஞ்சு நின்னுடுச்சு."

லைசென்ஸ் தேவைப்படாத குட்டிக் கார் ஒன்று எங்கள் ஊரில் உண்டு. குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸை இழந்தவர்கள் ஓட்டுவது. அதைச் சொன்னேன்.

"குடிகாரன் வண்டியில போய் இறங்கினா, எவன் என்கிட்ட ஊசி போட்டுக்குவான்?" என்றாள்.

நானே காரில் கூட்டிப் போகிறேன் என்றும் சொன்னேன். "ஒரு நாள் கேக்கலாம், ரெண்டு நாள் கேக்கலாம். நூத்தியெம்பது நாள் கேக்க முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சைக்கிள் ஓட்டி இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. சீட்டை இறக்கினேன். ஹேண்டில்பாரை அருகில் கொண்டு வந்தேன். ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்கட்டும் என்று, என்னிடம் இருந்ததிலேயே பெரிய பல்சக்கரத்தைப் பின்சக்கரத்தில் மாட்டினேன். மருந்துப் பைக்கு ஒரு கம்பித் தாங்கி வைத்தேன்.

பாதி நோயாளிகளைப் பக்கத்து ஊர் நர்ஸ் தியெரி ஏற்றுக்கொண்டான். மேட்டு வீடுகள் அவனுக்கு, கீழ் வீடுகள் இவளுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, அவெனா கணவாய்க்குச் சற்றுக் கீழே, தனியாக இருந்த ஆந்தெல்ம் கிழவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எண்பத்தாறு வயது. காலில் ஆறாத புண். ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். "ஆம்பளை கை என் கால்ல படக் கூடாது" என்று தியெரியைக் கதவைத் தாண்ட விடவில்லை. ஆக, அந்த ஒரு வீட்டுக்காக ரெஜின் வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் மலையேறினாள்.

ஏழு கிலோமீட்டர். இருபுறமும் மொட்டையாக நிற்கிற திராட்சைக் கொடிகள். நானே இளவயதில் அந்த ஏற்றத்தில் வாந்தி எடுத்திருக்கிறேன். கொடிகளைக் கவாத்து வெட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். தகரத் தள்ளுவண்டியில் வெட்டிய கொடிக்குச்சிகளை எரித்துக் குளிர் காய்ந்தபடி மர்சோ கத்துவான். பெரிய திராட்சைத் தோட்டக்காரன், வாய் சும்மா இருக்காது.

"அக்கா! இப்ப எத்தனை கிலோமீட்டர் வேகம்? போலீசைக் கூப்பிடட்டுமா?"

முதல் வாரம் அவளும் பதிலுக்குத் திட்டினாள். இரண்டாம் வாரம் திட்ட மூச்சு இல்லை. நவம்பர் முடிவதற்குள் அவனும் கத்துவதை நிறுத்திவிட்டான். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னான்.

மேலே போனால் ஆந்தெல்ம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார். "மணி என்ன தெரியுமா? காலு அழுகினப்புறம் வந்து என்ன பண்ணப் போறே?" என்பார். வியர்வையில் நனைந்த சட்டை முதுகில் ஒட்டிக் குளிர்ந்துகொண்டிருக்க, அவள் மண்டியிட்டுக் கட்டை அவிழ்ப்பாள். இறங்கி வரும்போது விரல் மரத்துப்போய் பிரேக் பிடிக்க வராது. டிசம்பரில் ஈரமான இலைமேல் சறுக்கி விழுந்து தோள்பட்டை கருத்துப்போனது. ஒரு மதியம் நான் அவள் வீட்டுக்குச் செயின் மாற்றப் போனபோது சாப்பாட்டு மேசையில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஷூவைக் கழற்றவில்லை. தட்டில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. நான் எழுப்பவில்லை.

"விட்டுடேன்" என்று ஒரு நாள் சொன்னேன். "கிழவரை ஆஸ்பத்திரியில சேர்த்துடச் சொல்லு."

"சேர்த்தா திரும்பி வர மாட்டார், ரோலான். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்."

பிப்ரவரி இரண்டாவது வாரம் பனி கொட்டியது. காலையில் எழுந்து பார்த்தேன், அவள் வீட்டு வாசலிலிருந்து ஒற்றைச் சக்கரத் தடம் மேலே போயிருந்தது. பத்து மணிவரை பொறுத்தேன். பிறகு மர்சோவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவன் ஒன்றும் கேட்காமல் டிராக்டரை எடுத்தான்.

மூன்றாவது வளைவில் சைக்கிள் ஒரு கொடிக் கம்பத்தில் சாய்ந்திருந்தது. அங்கிருந்து காலடித் தடம். சில இடத்தில் முழங்கால் பதிந்த குழியும் இருந்தது. மர்சோ அதைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினான்.

ஆந்தெல்மின் கதவு சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். அடுப்புப் பக்கத்தில் கிழவரின் நாற்காலியில் ரெஜின் சாய்ந்திருந்தாள். மேலே கிழவரின் கம்பளி. கிழவர் புதுக் கட்டுப் போட்ட காலோடு, மேசையைப் பிடித்தபடி நின்று உருளைக்கிழங்கு சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து நின்று நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"சத்தம் போடாதீங்கடா" என்றார். "இப்பத்தான் கண்ணசந்தா."

"நீங்க உக்காருங்க பெரியவரே, கால் என்னத்துக்கு ஆகும்?" என்றேன்.

அவர் உட்காரவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் பேசினார். "முதல் நாள் அந்தத் தியெரியைத் துரத்தினது தப்புதான். அடுத்த வாரமே தெரிஞ்சுபோச்சு. ஆனா நானா போய் எப்படிக் கேக்கறது? தினம் திட்டினா இவளே கோவிச்சுக்கிட்டு அவனை அனுப்பிடுவான்னு பார்த்தேன். இவளுக்குக் கோவமே வரலை."

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. அவள் தூங்கவில்லை, அல்லது விழித்துவிட்டாள்.

"கோவப்படத் தெம்பு இல்லை, பெரியவரே."

அவள் கண்ணைத் திறக்காமலே, "இதை நவம்பர்லயே சொல்லியிருக்கலாமே" என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். கோபமா, நிம்மதியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மர்சோ திரும்பி ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கிழவர் சூப்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்து, நாலு அடி நடந்து அவளிடம் கொடுத்தார். பாதி தரையில் சிந்தியது.

மறுநாளிலிருந்து தியெரி அங்கே போனான். ரெஜினுக்குக் கீழ் வீடுகள் மட்டும். இருந்தாலும் அவள் முகம் தெளியவில்லை. முழங்கால் வீங்கியது. படியேறும்போது கைப்பிடியைப் பிடித்தாள். ஏப்ரலில் டாக்டர் பரிசோதனையையும் எழுத்துத் தேர்வையும் தாண்டி லைசென்ஸ் திரும்பி வந்தது. சைக்கிள் சங்கத்து ஆட்கள் வசந்தகாலச் சவாரிக்கு அவளை அழைக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். அவளுக்கென்று ஒரு சட்டைகூடத் தைத்து வைத்திருந்தார்கள்.

"வேண்டாம்ப்பா" என்றாள். "நீங்க எல்லாம் ஆசைக்கு ஏறுறீங்க. நான் வேலைக்குப் போனேன். அந்தச் சனியனை இனிமேல் தொட மாட்டேன்."

"சட்டையையாவது வாங்கிக்கோ."

"குடு. தோட்டத்துல போட்டுக்கறேன்."

கார் ஓட்டத் தொடங்கிய முதல் நாள் ஆந்தெல்மைப் பார்க்க மேலே போனாள். ஊருக்குள் நாற்பதைத் தாண்டவில்லை. மர்சோ டிராக்டரில் ஹாரன் அடித்து முந்திப் போனதாகக் கேள்வி. மேலே கிழவரும் தியெரியும் சீட்டாடிக்கொண்டிருந்தார்களாம். புண் கொஞ்சம் காய்ந்திருந்தது. "உக்காரு, இந்த ஆட்டம் முடியட்டும்" என்றாராம் கிழவர். அவள் ஒரு காபி குடித்துவிட்டு, இருவரும் ஆடுவதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, இறங்கி என் பட்டறைக்கு வந்தாள்.

"வருத்தமா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றாள். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "களைப்பா இருக்கு ரோலான். அது இன்னும் போகலை."