பொன் கொண்டுவந்த ராஜா கை கழுவிய கதை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் பாதிப் பேருக்கு அவர் 'டீச்சர்'. எனக்கும் தம்பிக்கும் அக்கா. அக்கா இறைவனிடம் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவரைக் குறை சொன்னால் பிடிக்காது; புகழ்ந்தால் அதைவிடப் பிடிக்காது. ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கோலார் தங்கவயலில் பிறந்த அக்கா, அப்பாவின் மறைவுக்குப் பின் அம்மாவோடும் எங்கள் இருவரோடும் லிங்கராஜபுரம் வந்தார். வாரத்தில் ஆறு நாள் கார்மெண்ட்ஸில் தையல் வேலை. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வராந்தாவில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் என்னும் மறைக்கல்வி வகுப்பு. எங்கள் படிப்பும் என் திருமணமும் அவர் தைத்துத் தைத்து நடத்தியவை. தமக்கென்று ஒரு வாழ்க்கையை அவர் தேடிக்கொள்ளவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு ஒரே கவலைதான். பிள்ளைகள் பள்ளியில் படித்தது ஆங்கிலமும் கன்னடமும். தமிழ் நன்றாகப் பேசுவார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாது. ஞானோபதேசப் புத்தகமோ கேள்வி பதிலாகச் செந்தமிழில் இருந்தது. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு, "டீச்சர், போலாமா?" என்பார்கள். அக்கா சிவாஜிநகர் கடைகளில் அலைந்து ஓர் ஆங்கிலப் படப்புத்தகம் வாங்கி வந்தார். அதில் பக்கத்துக்குப் பக்கம் பனி கொட்டியது. பிள்ளைகள் பாலன் இயேசுவை விட்டுவிட்டுப் பனியைப் பற்றியே கேட்டார்கள். பழைய காலண்டர் படங்களை வெட்டி அட்டையில் ஒட்டினார். பின் வரிசைக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டு புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்க, ஒன்பது பேர். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் கடைசியில் பங்குத்தந்தை நேரில் கேள்வி கேட்பார். தேறாவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு காலை அக்கா பரணில் ஏறி, எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைப் பெட்டியை இறக்கினார். அம்மா பதறிவிட்டார்.

"டிசம்பர்ல எடுக்கிற சுரூபத்த தவக்காலத்துல எடுக்கிறியேடி, உனக்கே நல்லாருக்கா?"

"பதினோரு மாசம் வைக்கோலுக்குள்ள சும்மாதானேம்மா தூங்குறாங்க. கொஞ்சம் வேலை செய்யட்டும்."

செய்தார்கள். இடையர்கள் சீடர்களானார்கள். கழுதை எருசலேமுக்குப் போனது. குடிலில் பாலனுக்குப் பொன் கொண்டுவந்த ராஜா, இயேசுவுக்குத் தீர்ப்பிட்ட பிலாத்துவாக மாறி எவர்சில்வர் கிண்ணத்தில் கை கழுவினார். பிள்ளைகள் வீட்டுக்குப் போக மறந்தார்கள்.

தேர்வு நாளில் நானும் கோவிலில் இருந்தேன். பங்குத்தந்தை ஒரு சிறுமியிடம் கேட்டார்: "இயேசுவுக்குத் தீர்ப்பு சொன்னது யாரும்மா?"

"பொன்னு எடுத்துட்டு வந்த ராஜா, ஃபாதர்."

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. "ஒம்போது பேருக்கும் போச்சுடி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பங்குத்தந்தை விடவில்லை. "அவரு என்னம்மா பண்ணாரு?"

"இயேசு ஒரு தப்பும் பண்ணலன்னு அவருக்குத் தெரியும் ஃபாதர். ஆனா கூட்டத்துக்கு பயந்துட்டாரு. கை கழுவிட்டா போதும்னு நெனச்சாரு. போதாதில்ல ஃபாதர்?"

 அவர் மற்றவர்களையும் கேட்டுவிட்டு, ஒன்பது பேருக்கும் புதுநன்மை உண்டு என்றார். வெளியே போகும்போது, "அந்த ராஜாவுக்கு மட்டும் ஏதாவது அடையாளம் பண்ணுங்க டீச்சர்," என்றார்.

அன்றே அக்கா சிவப்பு ரவிக்கைத் துணியில் குட்டி மேலங்கி ஒன்று தைத்தார். போட்டால் பிலாத்து, கழற்றினால் ராஜா. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பெட்டிதான் எங்கள் பங்கின் ஞானோபதேசப் புத்தகம்.

கடைசி ஆண்டில் சிறுநீரகம் கைவிட்டபோது, வாரம் இருமுறை மருத்துவமனைக்கு ஆட்டோவில் கூட்டிப்போன பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த எங்கள் தெரு அன்பியக் குழுப் பெண்களுக்கும், நோயில்பூசுதல் என்னும் அருட்சாதனம் தந்து கடைசிவரை உடனிருந்த பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடிருக்கும்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். சென்ற கிறிஸ்துமஸுக்குப் பெட்டியைத் திறந்தேன். ராஜாவின் தோளில் சிவப்பு மேலங்கி அப்படியே இருந்தது. அக்கா தம் கடைசித் தவக்காலத்தில் போட்டுவிட்டது. கழற்ற மனம் வராமல் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைய அந்தச் சிறுமி, இன்று எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறவர், அதே வராந்தாவில் ஞாயிறுதோறும் வகுப்பு எடுக்கிறவர், பெட்டியைக் கேட்டு வாங்கிப்போக வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல மேலங்கியின் முடிச்சை அவிழ்த்தார்.

"கிறிஸ்மஸ் வந்துடுச்சு ஆன்ட்டி. இப்ப இவரு பொன்னு எடுத்துட்டுப் போகணும்."